வாதாபி தரும் பாடம்

கருநாடகத்தில் இந்நாள் பாதாமி என வழங்கும் ஊரே பண்டைச் சளுக்கியர் தலைநகராகிய வாதாபி. நரசிம்மவர்ம பல்லவன் ‘வாதாபி கொண்டான்’ எனப் பெயர் பூண்ட வரலாற்றைப் பயின்ற நாம், அவன் வென்ற நகரைக் காணும் செருக்குடனேயே அங்குச் சென்றோம்.

அகத்திய தீர்த்தம் என்னும் ஏரியின் இருமருங்கும் செந்நிறப் பாறைக் குன்றுகள் ஓங்கி நிற்கின்றன. முதலாம் புலகேசி கி. பி. 543-இல் இங்குக் கோட்டை எடுப்பித்தமையைப் பாறைக் கல்வெட்டொன்று அறிவிக்கின்றது. தென்குன்றிற் குடைந்த குகைகள் நான்கு. முதலாவது சிவபெருமானுக்கும், அடுத்த இரண்டும் திருமாலுக்கும், நான்காவது சமண சமயத்திற்கும் உரியன. முதற் குகையில் 18 கரங்களுடன் கூத்தப்பெருமான் ஆடுகின்றார். மூன்றாவது குகையைக் கீர்த்திவர்மன் தம்பி மங்களேசன் 578-இல் அமைத்தான்.

கி. பி. 642-ஐ ஒட்டி நகரைக் கைப்பற்றிய பல்லவனது கல்வெட்டும் இங்கொரு பாறையில் உளது. அதன் எழுத்துக்கள் பெரிதும் சிதைந்துள்ளன. தோற்றவர் குடைந்த குகைகளோ இன்றும் நிலைபெற்றுள்ளன.

செருக்குடன் ஏறிய நாம் வணக்கத்துடன் இறங்கினோம். வென்றார் புகழை ஓதும் மாணவர், தோற்றார் கைவண்மையையும் உடன் கற்றல் வேண்டும். அன்றி வரலாற்றுக் கல்வி நிரம்பாது.