‘ஏபிசி’ சரியாக வந்தால் போதாது

2023 டிசம்பரில் எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்ததை மீனவர்களின் கைபேசிகளும் பதிவு செய்தன. அப்படியொரு வீடியோ இன்று சாட்சியமாக நீதிமன்றம் போனால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63-ஆம் பிரிவுக்கான சான்றிதழில் அதன் ஹாஷ் மதிப்பையும் எழுத வேண்டும். ராயபுரத்துத் துறைமுக வாசல் கேமராவுக்கும் திருவொற்றியூர் ஆலைக் கேமராவுக்கும் இதே விதிதான். ஒரு பிட் மாறினாலும் ஹாஷ் மாறிவிடும் என்ற நம்பிக்கையில் நிற்கும் ஏற்பாடு இது. அந்த மதிப்பைக் கணக்கிடுவதோ பெரும்பாலும் யாரோ சி மொழியில் எழுதிய சில நூறு வரிகள். அவற்றின் யூனிட் டெஸ்ட்டுகளை ரிவியூ செய்கிறவர் முதலில் உள்ளீடுகளின் நீளத்தைப் பார்க்க வேண்டும் என்பேன்.

காரணம் இருக்கிறது. ஷா-256 என்ற ஹாஷ் முறையின் சுற்றுகளில் ஒரு மாறிலி தவறினாலும் ‘ஏபிசி’ என்ற முதல் டெஸ்ட்டே தோற்றுவிடும். ஆகவே டெஸ்ட்டுக்குத் தப்பும் பிழைகள் கணிதத்தில் இருப்பது அரிது. பஃபரை நிரப்புவது, மிச்சத்தை வைத்திருப்பது, நீளத்தை எண்ணுவது போன்ற கணக்குப்பிள்ளை வேலையில்தான் அவை ஒளிந்திருக்கும். இந்த ஹாஷ் 64 பைட் தொகுதிகளாக வேலை செய்கிறது. முடிவில் அடையாளத்துக்கு 1 பைட்டும் நீளத்துக்கு 8 பைட்டும் சேரும். 55 பைட் செய்தி ஒரே தொகுதியில் அடங்கும்; 56 அடங்காது. வழக்கமான மூன்று டெஸ்ட்டுகளின் நீளங்களை, அதாவது 3, 56, 10 லட்சம் ஆகியவற்றை, 64-ஆல் வகுத்துப் பாருங்கள்: மீதி 3, 56, 0. 55, 57, 63 ஆகிய மீதிகளை இந்த டெஸ்ட்டுகள் தொடவேயில்லை. 0 முதல் 130 வரை எல்லா நீளங்களும் வேண்டும். ஒவ்வொன்றையும் எல்லா இடங்களிலும் இரண்டாக வெட்டிக் கொடுத்தாலும் விடை மாறக்கூடாது. ஆங்கில எழுத்துகள் மட்டும் இருந்தாலும் ஆபத்து. 127-க்கு மேற்பட்ட பைட்டை எதிர்ம எண்ணாகப் படித்த பிழை கிரிப்ட்-புளோஃபிஷ் கடவுச்சொல் நிரலில் 2011-இல்தான் வெளிப்பட்டது. ‘எண்ணூர்’ என்பதை யூடிஎஃப்-8இல் எழுதினால் 21 பைட்டும் 127-க்கு மேல். நம் எழுத்தே நல்ல டெஸ்ட்.

பெயர்பெற்ற லைப்ரரி இருக்க இதெல்லாம் எதற்கு என்பார்கள். ஷா-3 என்ற ஹாஷ் தரத்துக்கான போட்டிக்கு வந்த 86 மாதிரி நிரல்களில் 41-இல் பிழை இருந்ததாக 2018-இல் வெளியான ஆய்வு காட்டியது. எழுதியவர்கள் துறை வல்லுநர்கள். ஆப்பிளின் கோர்கிரிப்டோ லைப்ரரியில் 4 ஜிபியைத் தாண்டிய உள்ளீடு முடிவில்லாச் சுழற்சியில் சிக்கியது 2019-இல் தெரிந்தது. ஷா-3-ஐ உருவாக்கியவர்களின் சொந்த நிரலில் 2011 முதல் இருந்த பஃபர் பிழை 2022-இல்தான் பிடிபட்டது. அதற்குள் பைத்தானுக்கும் பிஎச்பிக்கும் போய்விட்டிருந்தது. கேமராப் பதிவு 4 ஜிபியைத் தாண்டுவது சாதாரணம். பிட்டுகளை 32 பிட் மாறியில் எண்ணினால் 512 எம்பியிலேயே கணக்கு சுழன்று பூஜ்யத்துக்கு வந்துவிடும்.

அந்த அளவுக்குப் பெரிய டெஸ்ட் நேரத்தைத் தின்னும் என்ற குறை நியாயமானது. 1 எம்பி பஃபரையே திரும்பத் திரும்பக் கொடுத்தால் நினைவகம் மிச்சமாகும். இரவு ஓட்டத்தில் வைத்தால் யாரும் காத்திருக்க வேண்டாம். ஆனால் அந்த ஷா-3 பிழை இதில் சிக்காது: சில பைட் கொடுத்த பிறகு, ஏறக்குறைய 4 ஜிபியை ஒரே அழைப்பில் கொடுத்தால்தான் அது வெளிவரும். ஆகவே அப்படி ஓர் அழைப்பும் டெஸ்ட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் ஒப்புதல் தராதீர்கள்.