கொவிட் போய்விட்டது, படபடப்பு ஏன் போகவில்லை?

பெருந்தொற்றுக் காலம் மனத்தில் விட்டுச்சென்றதைப் பற்றி எழுதுங்கள் என்று வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் ஐந்துக்கு மனநல மருத்துவர் பதில் தருகிறார். எழுதியவர்களின் பெயரை நீக்கியிருக்கிறோம்.

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். எனக்கு ஊர் அறந்தாங்கி பக்கம். பன்னிரண்டு வருஷத்துக்கு மேலாக இங்கே சிங்கப்பூரில் கட்டுமான வேலை. 2020இல் துவாஸ் பக்கம் விடுதியில் இருந்தேன், ஒரு ரூமில் பதினாறு பேர். ஏப்ரல் மாதம் கேட்டைப் பூட்டினார்கள். ஒவ்வொருத்தனாகக் கூட்டிக்கொண்டு போனார்கள். எனக்கும் பாசிட்டிவ் வந்தது, காய்ச்சல்கூட இல்லை. அடுத்த வருஷம் மே மாதம் ஊரில் அப்பா தவறிவிட்டார். போக முடியவில்லை. தம்பி கொள்ளி வைத்ததை வாட்ஸ்அப்பில் பார்த்தேன். இப்போது வேலை நன்றாகத்தான் போகிறது. ஆனால் ராத்திரி ரூம் கதவைச் சாத்தினால் நெஞ்சை அடைக்கிறது. பக்கத்துக் கட்டிலில் யாராவது இருமிக்கொண்டே இருந்தால் தூக்கம் போச்சு. இரண்டு தடவை ஈசிஜி எடுத்தாச்சு, நார்மல். கூட இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். கம்பெனிக்குத் தெரிந்தால் பெர்மிட்டைக் கேன்சல் செய்துவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: தம்பி, ஈசிஜி நார்மல் என்று சொன்னதை நம்புங்கள். படபடப்பும் நிஜம்தான், நீங்கள் நடிக்கவில்லை. ஆபத்து என்று தோன்றினால் உடம்பு ஓடத் தயாராகும். இதயம் வேகமாக அடிக்கும், மேல்மூச்சு வாங்கும், கை வேர்க்கும். அந்த ஆண்டு உங்கள் அறையில் ஒருவர் இருமினால் மறுநாள் அவர் கட்டில் காலி. கதவைச் சாத்தினால் எப்போது திறப்பார்கள் என்று சொல்ல ஆளில்லை. மூளை இதைப் பாடமாகப் படித்துவைத்துக்கொண்டது. தாளிக்கிற புகைக்கே அலறும் தீயெச்சரிக்கை மணிபோல இன்று சாதாரண இருமலுக்கும் அது மணியடிக்கிறது.

“எல்லாரும்தான் வீட்டில் அடைந்து கிடந்தோம்” என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். எல்லாரும் ஒரே மாதிரி அடைந்து கிடக்கவில்லை. 2020 ஏப்ரல் 5ஆம் தேதி பொங்கோலிலும் தோ குவானிலும் இருந்த இரண்டு விடுதிகள் தனிமைப்படுத்தும் இடங்களாக அறிவிக்கப்பட்டன. சில வாரங்களில் விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 பேரும் உள்ளே. நகரத்துக்கு சர்க்கிட் பிரேக்கர் என்ற முடக்கம் ஜூன் 1இல் முடிந்தது. விடுதிகள் எல்லாவற்றிலும் தொற்று நீங்கியதாக மனிதவள அமைச்சு சொன்னது ஆகஸ்டில். அதற்குப் பிறகும் வேலை, விடுதி, இரண்டு மட்டும்தான். பின்னர் பொழுதுபோக்கு நிலையம் சேர்ந்தது. ஊழியர்கள் லிட்டில் இந்தியாவுக்கும் கேலாங் சிராய்க்கும் போகலாம் என்று ஒரு முன்னோட்டம் தொடங்கியபோது 2021 செப்டம்பர் ஆகிவிட்டது. அதுவும் தடுப்பூசி போட்டவர்களில் வாரத்துக்கு 500 பேர், ஆறு மணி நேரம். வெளியே போக அனுமதிச் சீட்டே வேண்டாம் என்ற நிலை 2022 ஜூன் 24இல் வந்தது. அப்போதும் ஞாயிறு, பொது விடுமுறை நாள்களில் நான்கு இடங்களுக்குச் சீட்டு வேண்டியிருந்தது. அந்த நான்கில் ஒன்று லிட்டில் இந்தியா.

மருத்துவக் கணக்கு வேறு மாதிரி. 2020 டிசம்பரில் வெளியான விவரப்படி விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்கு, அதாவது ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமானவர்களுக்கு, தொற்று வந்துபோயிருந்தது. இறந்தவர்கள் இருவர். இள வயது உடம்பு, விடாத பரிசோதனை, நேரத்தில் சிகிச்சை. மருத்துவராக இந்தச் சாதனையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் கணக்கில் உங்கள் ராத்திரிகளுக்குப் பத்தியே கிடையாது. சிறைக்குப் போகிறவனுக்குக்கூட வெளியே வரும் தேதி தெரியும். கிருமியைவிட, தேதி தெரியாமல் காத்திருந்ததுதான் பலரை முறித்தது என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் பறிபோனது. ஞாயிற்றுக்கிழமை. பணம் அனுப்புவது, முடிவெட்டிக்கொள்வது, சிராங்கூன் ரோட்டில் ஒரு சாப்பாடு, புல்தரையில் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து அடுத்த வீட்டுக் கல்யாணம்வரை பேசுவது. அந்தக் கூட்டத்தைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் இந்த ஊரில் இருந்தார்கள், இன்னும் இருக்கிறார்கள். என்னைக் கேட்டால், கட்டணமே வாங்காமல் இந்த ஆண்களுக்கு நடந்துவந்த மனநலச் சேவை அது ஒன்றுதான். உங்களைக் கேட்கிறேன்: இப்போது ஞாயிறு போகிறீர்களா, இல்லை படபடப்பு வரும் என்று விடுதியிலேயே படுத்துக்கொள்கிறீர்களா? படுத்துக்கொண்டால் பயம் வளரும். போய்வாருங்கள்.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். 2021 ஏப்ரல் 24 முதல் அக்டோபர் இறுதிவரை இந்தியாவிலிருந்து வருகிற ஊழியர்களுக்கு இங்கே கதவு சாத்தியிருந்தது. போயிருந்தால் திரும்பி வந்திருக்க முடியாது, வீட்டுக்குப் பணம் போயிருக்காது. நீங்கள் போகாமல் இருந்ததைக் குற்றமாக மனத்தில் வைத்திருக்கிறீர்கள் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. மூத்த பிள்ளை கொள்ளி வைக்காதது நம் வீடுகளில் சின்ன விஷயம் இல்லை. நெடுநாள் ஆறாத துக்கத்தை உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் நடைமுறைக்கு வந்த நோய்ப் பட்டியலில் தனியாகவே சேர்த்திருக்கிறது. சடங்கு செய்யுங்கள் என்று ஒரு மனநல மருத்துவர் சொல்வது வினோதமாக இருக்கலாம், ஆனாலும் சொல்கிறேன்: உங்களுக்குப் பழக்கமான கோயிலில் விசாரித்து, வருகிற அமாவாசையிலோ திதியிலோ தர்ப்பணம் கொடுங்கள். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனதும், அவரை எரித்த இடத்துக்குத் தம்பியோடு ஒருமுறை போய்வாருங்கள். அழுகை வந்தால் அடக்க வேண்டாம்.

நெஞ்சை அடைக்கும்போது எழுந்து வெளியே ஓடாதீர்கள். நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி மெதுவாக விடுங்கள். அந்த அலை சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். இறங்குவதை மூளை நேரில் பார்க்க வேண்டும், அதற்குத்தான் ஓடக் கூடாது என்கிறேன். தூங்குவதற்காக பீர் பழக்கம் வந்திருந்தால் அதை முதலில் விடுங்கள், பாதி ராத்திரியில் விழிப்பு வருவதே அதனால் இருக்கலாம். அடிக்கடி வந்தால் ஆலோசனைச் சிகிச்சை வேண்டும். சிலருக்கு மாத்திரையும் வேண்டும், பதற்றத்துக்கு வழக்கமாக முதலில் தரும் மாத்திரைகள் பலர் பயப்படுவதுபோல அடிமையாக்குபவை அல்ல. ஹெல்த்சர்வ் அமைப்பு 2006 முதல் வெளிநாட்டு ஊழியர்களுக்காக இயங்குகிறது. அவர்களின் 24 மணி நேர எண் 3129 5000. தமிழ் பேசும் ஆலோசகர் வேண்டும் என்று கேளுங்கள். அங்கே பேசுவது முதலாளிக்குப் போகாது. உங்கள் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும்தான் ஆலோசகர் வேறொருவரிடம் சொல்வார்.

கேள்வி: அம்மாவுக்கு 76 வயது, பஃபலோ ரோடு புளோக்கில் தனியாக இருக்கிறார். முன்பெல்லாம் காலையில் தேக்கா மார்க்கெட், வீரமாகாளியம்மன் கோயில், பிறகு தோழிகளோடு கீழே கோப்பி. இப்போது வீட்டைவிட்டு இறங்குவதே இல்லை. வெள்ளி நோட்டைக்கூட டெட்டால் போட்டுத் துடைக்கிறார். பேரப்பிள்ளைகள் போனால் தள்ளி உட்கார்கிறார். கேட்டால் “எனக்கு வெளிய என்னடி வேலை” என்கிறார். வயசானால் இப்படித்தானா டாக்டர்?

பதில்: இல்லையம்மா. டெட்டாலைவிட “எனக்கு வெளிய என்னடி வேலை” என்கிற பேச்சுதான் என்னை யோசிக்கவைக்கிறது. அதில் பயம் இருக்கலாம், மனச்சோர்வும் இருக்கலாம். சிங்கப்பூரில் 2019இல் 400 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். 2020இல் அது 452. அதில் 60 வயதைத் தாண்டியவர்கள் 154 பேர், 1991க்குப் பிறகு அதிகமான எண்ணிக்கை அது. மூத்தோரைக் கிருமியிடமிருந்து காப்பாற்ற எல்லாரையும் அவர்களிடமிருந்து தள்ளி நிறுத்தினோம். இரண்டு தைப்பூசம், 2021இலும் 2022இலும், ஊர்வலமே இல்லாமல் போயின. கோயிலையும் மார்க்கெட்டையும் வைத்தே நாளைக் கணக்கிட்டவர்களுக்கு நாள் என்பதே கலைந்துபோனது. 2023 பிப்ரவரியில் ஊர்வலம் திரும்பியபோது சிலர் அதோடு திரும்பவில்லை.

ஆகவே நேராகக் கேளுங்கள்: “அம்மா, உயிரோட இருந்து என்னன்னு தோணுதா?” கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. ஆம் என்றால் காத்திருக்க வேண்டாம். தற்கொலைத் தடுப்புக்கான எஸ்ஓஎஸ் அமைப்பின் 1767 எண் இரவும் பகலும் இயங்குகிறது. போலீஸ் கேஸ் ஆகுமோ என்று சில பெரியவர்கள் வாய் திறப்பதில்லை. தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் இங்கே குற்றம் இல்லை.

அடுத்து பலதுறை மருந்தகம். தைராய்டு, பி12, ரத்தசோகை பார்க்கச் சொல்லுங்கள். காதையும் கண்ணையும் விட்டுவிடாதீர்கள். காது மந்தமானவர்கள் முகக்கவசக் காலத்தில் எதிராளியின் வாயசைவையும் இழந்தார்கள். பேச்சு புரியாமல் போனது, புரியாததால் கூட்டமே வேண்டாம் என்று ஆனவர்கள் நிறையப் பேர். நாட்கணக்கில் உட்கார்ந்தே இருந்தால் தொடைச்சதை கரையும், விழுந்துவிடுவோமோ என்ற பயம் வரும். அம்மா அதைச் சொல்லாமல் கொவிட்டின் மேல் பழி போடலாம்.

முகக்கவசத்தைப் பிடுங்காதீர்கள். பேருந்திலும் ரயிலிலும் கட்டாயம் இல்லையென்று ஆனது 2023 பிப்ரவரியில். அவர் போட்டுக்கொண்டு இறங்கினாலே நமக்கு வெற்றிதான். முதல் வாரம் லிஃப்ட்வரை, அடுத்த வாரம் புளோக்குக்குக் கீழே, பிறகு கூட்டம் இல்லாத வேலைநாள் ஒன்றில் தேக்கா. நடைப்பயிற்சி என்று சொன்னால் வர மாட்டார். “முருங்கைக்கீரை எது இளசுன்னு எனக்குத் தெரியலம்மா, நீ வந்து பாரு” என்று சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: மருத்துவமனையில் துப்புரவுப் பணி செய்கிறேன். டாக்டருக்கும் தாதிக்கும் கைதட்டினார்கள், எங்களை யாரும் கேட்கவில்லை. இப்போதும் புதுக் கிருமி என்று செய்தி வந்தால் லீவு போடத் தோன்றுகிறது. நான் கோழையா?

பதில்: 2020 தொடக்கத்தில் இங்கே மருத்துவமனை ஊழியர்கள் 470 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பதற்றம் இருந்தவர்கள் மருத்துவர், தாதியரில் 10.8 விழுக்காடு, மருத்துவம் சாராத ஊழியர்களில் 20.7 விழுக்காடு. ஏறக்குறைய இரண்டு மடங்கு. நோயாளியைத் தொட்டுப் பார்ப்பவரைவிட அவர் அறையைத் துடைப்பவருக்குப் பயம் அதிகம் என்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. மருத்துவருக்கு என்ன நடக்கிறது என்று தெரியும். உங்களுக்கு வதந்திதான் முதலில் வந்தது, விளக்கம் பிறகு. 2003இல் சார்ஸ் வந்தபோது இங்கே 33 பேர் இறந்தார்கள், அவர்களில் மருத்துவமனைப் பணியாளர்களும் உண்டு. அதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்குப் பயம் வராமல் இருக்குமா? அடுத்த பயிற்சிக்குக் காத்திருக்காமல், முகக்கவசம், பாதுகாப்பு உடை போடுவதை மறுபடி காட்டச் சொல்லி மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். கைக்குப் பழகிய வேலையில் பயம் குறையும். செய்தியை நாளுக்கு ஒருமுறைக்கு மேல் பார்க்காதீர்கள். அதன் பிறகும் வேலைக்குப் போகவே முடியவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: மகள் பாலிடெக்னிக்கில் படிக்கிறாள். உயர்நிலைப் பள்ளியில் இருந்தபோது வீட்டிலிருந்தே படித்ததோடு சரி, அதன் பிறகு நாலு பேர் முன்னால் பேசவே மாட்டேன் என்கிறாள். கொவிட்தானே காரணம்?

பதில்: ஒரு காரணம். எல்லாவற்றையும் கொவிட் தலையில் போட்டுவிட்டால் மற்றவை தப்பித்துவிடும். 2022 அக்டோபர் முதல் 2023 ஜூன் வரை மனநலக் கழகம் நடத்திய ஆய்வில் 15 முதல் 35 வயது வரையுள்ளவர்களில் 30.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வோ பதற்றமோ மனஉளைச்சலோ கடுமையாக இருந்தது. நாளில் மூன்று மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகத்தில் இருப்பது, உடல் தோற்றம் பற்றிய கவலை, இணையத்தில் கேலி ஆகியவற்றோடு அதற்குத் தொடர்பு தெரிந்தது. மகளிடம் இதையெல்லாம் விசாரணைபோலக் கேட்காதீர்கள். காரில் போகும்போது பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். 16 முதல் 30 வயதுவரை உள்ளவர்களுக்கு மனநலக் கழகத்தின் சேட் சேவை இலவசம். அவளே தனியாகப் போகலாம், நீங்கள் கூடப் போக வேண்டியதில்லை.

கேள்வி: நாகப்பட்டினத்திலிருந்து வந்து ஒரு வீட்டில் வேலை செய்கிறேன். கொவிட் சமயத்தில் வெளியே போக வேண்டாம் என்று மேடம் சொன்னார். அதற்குப் பிறகும் அப்படியே. நல்லவர்தான், ஓய்வுநாளுக்குக் காசு கொடுத்துவிடுகிறார். ஆனால் காரணமில்லாமல் அழுகை வருகிறது. இது மனநோயா?

பதில்: காரணம் இல்லாமல் இல்லை, தங்கச்சி. வேலை செய்கிற வீட்டிலேயே தூங்கி, அதே வீட்டில் விழித்து, வருடக்கணக்கில் ஒருநாள்கூட உங்களுடையதாக இல்லையென்றால் யாருக்கும் அழுகை வரும். 2023 ஜனவரி 1 முதல், மாதத்தில் ஒரு ஓய்வுநாளையாவது காசு கொடுத்து ஈடுகட்ட முடியாது. அதைக் கொடுத்தே ஆக வேண்டும். நீங்களே ஒப்புக்கொண்டாலும் சட்டம் ஒப்புக்கொள்ளாது. மேடத்துக்கு இது தெரியாமல் இருக்கலாம், நல்லவர் என்று நீங்களே சொல்கிறீர்கள். பேசத் தயக்கமாக இருந்தால் இல்லப் பணிப்பெண்களுக்கு உதவும் சிடிஇ நிலையத்தை 1800 2255 233 என்ற எண்ணில் கூப்பிடுங்கள். ஓய்வுநாள் கிடைத்த பிறகும் இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை தொடர்ந்தால், சாப்பாடும் தூக்கமும் குறைந்தால், மருத்துவரைப் பார்க்க வேண்டும், அதற்கான செலவு மேடத்தின் பொறுப்பு. அவரிடம் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை என்றால் இந்தப் பக்கத்தையே படிக்கக் கொடுங்கள்.