முதலாண்டு மதிப்பெண் வழியை அடைத்துவிடுமா?

கேள்வி: அமெரிக்காவில் கல்லூரி முதலாண்டில் என் மகளின் ஜி.பி.ஏ. 2.6. மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாமா?

பதில்: தாராளமாக. எம்.டி. பட்டம் தரும் மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்ப அமைப்பான ஆம்காஸ், மதிப்பெண்களை ஆண்டுவாரியாகவும், உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதத்துக்குத் தனியாகவும் பிரித்துக் காட்டும். 2.6, 3.4, 3.8 என்ற ஏறுமுகம் தேர்வுக்குழுவின் கண்ணுக்குத் தப்பாது.

ஆனால் பழைய மதிப்பெண் அழியாது. ஒரு பாடத்தைத் திரும்பப் படித்தால் இரண்டு மதிப்பெண்களுமே கணக்கில் சேரும். டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) தரும் கல்லூரிகளின் விண்ணப்ப அமைப்பும் 2017இல் இந்த முறைக்கு மாறிவிட்டது.

பட்டம் பெற்றபின் ‘போஸ்ட்-பாக்’ முறையில் அறிவியல் பாடங்கள் எடுத்தால் அவை இளநிலைக் கணக்கில் கூடும். முதுநிலை மதிப்பெண் தனிக்கணக்கு. எனவே ஜி.பி.ஏ.யை உயர்த்த முதல் வழியே உதவும். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வான எம்கேட்டை (மதிப்பெண் வரம்பு 472–528) முழுத் தயாரிப்புக்குப் பிறகே எழுதட்டும்; குறைந்த மதிப்பெண்ணும் கல்லூரிகளின் பார்வைக்குப் போகும்.