பந்தல் திராட்சை ஒன்றாகப் பழுத்தால்

வீட்டுப் பந்தலில் ஒரே ஒரு பன்னீர் திராட்சைக் கொடி இருந்தாலும் போதும், அறுவடை வாரத்தில் சமையலறை நிரம்பிவிடும். கவாத்து செய்ததும் தளிர்கள் எல்லாம் ஒரே சமயத்தில் கிளம்புவதால் குலைகளும் ஒன்றாகவே பழுக்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கின் அடையாளமாகி, 2023இல் புவிசார் குறியீடும் பெற்ற இந்தத் திராட்சைக்கு மணம் அதிகம், விதை உண்டு, காம்பிலிருந்து சீக்கிரம் உதிரும். எதற்கு இது பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை இந்தக் குணங்களே தீர்மானிக்கின்றன.

பழத்தின்மேல் படிந்திருக்கும் வெண்பொடியைப் பார்த்து மருந்து என்றோ பூஞ்சணம் என்றோ பயப்பட வேண்டாம். அது பழம் தானே சுரக்கும் மெழுகு. விரலால் தேய்த்தால் போய்விடும், அடியில் தோல் பளபளக்கும். சாம்பல் நோய் (தோலைத் தாக்கும் பூஞ்சை) என்றால் தேய்த்த இடத்தில் பழுப்பு வலைப்பின்னல்போலத் தழும்பு தெரியும், தோல் வெடித்தும் இருக்கலாம். அந்தப் பழங்களை ஒதுக்கிவிடுங்கள். மெழுகு இருக்கும்வரை பழத்தின் ஈரம் எளிதில் வெளியேறாது. ஆகவே மொத்தத்தையும் கழுவிக் குளிர்பெட்டியில் அடைப்பதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. உண்ணும்போது, சமைக்கும்போது மட்டும் ஓடும் நீரில் கழுவுங்கள். மஞ்சள்தூள், உப்பு, சமையல் சோடா என்று மணிக்கணக்கில் ஊறவைத்தால் தோல் வெடித்து, பழம் நீர் கோத்துக்கொள்ளும். கொடிக்கு மருந்து அடித்திருந்தால், மருந்தின் உறையில் குறித்த காத்திருப்பு நாள் (மருந்தடித்ததற்கும் அறுவடைக்கும் இடையே விட வேண்டிய காலம்) முடிந்த பிறகே குலையை வெட்டுங்கள்.

வெட்டிய அன்றே தரம் பிரித்துவிடுங்கள். முழுக் குலையாக இருப்பவற்றைத் துளையிட்ட பையில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் தாங்கும். உதிர்ந்தவையும் லேசாக நசுங்கியவையும் அன்றைக்கே சாறாகட்டும். புளித்த வாடை வீசுவதும், சிற்றீக்கள் மொய்ப்பதும், காம்படியில் கசிவதும் கெடத் தொடங்கியதன் அறிகுறிகள். பூஞ்சணம் பிடித்த பழத்தைச் சர்க்கரை போட்டுக் கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்பது தவறான நம்பிக்கை. சில பூஞ்சணங்கள் விடும் நச்சு கொதியிலும் அழியாது.

குலையில் பச்சையாக நிற்கும் காய்களை அரிசிக்குள் புதைத்தால் மாங்காய்போலப் பழுக்கும் என்று எண்ண வேண்டாம். கொடியிலிருந்து பிரிந்த திராட்சை மேற்கொண்டு பழுக்காது. ஆனால் அந்தக் காய்களின் புளிப்பு வீணல்ல. புளிக்குப் பதிலாக நசுக்கிப் பருப்பில் சேர்க்கலாம். மிளகாய்த்தூள், வெல்லம், பெருங்காயம் சேர்த்து நல்லெண்ணெயில் சுருள வதக்கித் தொக்காக்கலாம்.

பன்னீர் திராட்சைக்கு மிகப் பொருத்தமானது சாறுதான். உதிர்த்துக் கழுவிய பழத்தை எவர்சில்வர் பாத்திரத்தில் போட்டு மத்தால் மெல்ல நசுக்குங்கள். செம்பு, இரும்பு, அலுமினியப் பாத்திரங்கள் ஆகாது, அமிலம் உலோகத்தை அரிக்கும். மிக்ஸியும் வேண்டாம். விதை அரைபட்டால் டானின் (நாக்கை இழுக்கும் துவர்ப்புப் பொருள்) இறங்கிச் சாறு கசக்கும். பிறகு சிறுதீயில் ஆவி பறக்கும் அளவுக்கு மட்டும், பத்து நிமிடம் சூடாக்குங்கள். பழம் சுருங்கி, வெளிறிய சாறு சிறிது சிறிதாகக் கருஞ்சிவப்பாக மாறுவது கண்ணுக்குத் தெரியும். தோலிலுள்ள ஆந்தோசயனின் (கருநீல நிறமி) இறங்குவதன் அடையாளம் அது. கொதிக்கவிட்டால் பன்னீர் மணம் ஆவியோடு போய்விடும். மெல்லிய துணியில் வடிகட்டி, இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வையுங்கள். காலையில் அடியில் மணல்போல நறநறவென்று ஏதோ படிந்திருந்தால் கண்ணாடித்தூளோ என்று பதற வேண்டாம். டார்டாரிக் அமிலத்தின் உப்பு குளிரில் படிகமாகிறது. உடம்புக்குத் தீங்கில்லை. அசைக்காமல் மேல்சாற்றை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள். இந்தச் சாறு குளிர்பெட்டியில் மூன்று நாள் இருக்கும். பனிக்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்தால் மாதக்கணக்கில் வரும்.

ஸ்குவாஷ் செய்ய 1 லிட்டர் சாற்றுக்கு 1.5 கிலோ சர்க்கரை, 1 லிட்டர் தண்ணீர், 20 கிராம் சிட்ரிக் அமிலம் போதும். பாகைக் காய்ச்சி, ஆறிய பிறகே சாற்றைச் சேருங்கள். பதப்படுத்தி (கெடாமல் காக்கும் உப்பு) சேர்ப்பதானால், கருந்திராட்சைக்குப் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட் வேண்டாம். நிறத்தை வெளுக்கச் செய்வதோடு, ஆஸ்துமா உள்ளவர்களுக்கும் ஒவ்வாது. இந்த அளவுக்கு 2 கிராம் சோடியம் பென்சோயேட்டைக் கொஞ்சம் வெந்நீரில் கரைத்துச் சேருங்கள். கூடுதலாகப் போட்டால் நெடுநாள் வரும் என்று கண்ணளவில் அள்ளிப் போடாதீர்கள். பதப்படுத்தி இல்லாவிட்டால் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு வாரத்தில் தீர்த்துவிடுங்கள்.

ஜாமுக்குப் பழத்தை வேகவைத்துச் சல்லடையில் தேய்த்து விதையை நீக்குங்கள். 1 கிலோ கூழுக்கு முக்கால் கிலோ சர்க்கரையும் ஒரு எலுமிச்சையின் சாறும் தேவை. அரைகுறையாகப் பழுத்த பழங்களும் கொஞ்சம் கலந்தால் நல்லது, பெக்டின் (கூழை இறுகச் செய்யும் பொருள்) அவற்றில் அதிகம். எல்லாவற்றையும் கலந்து கெட்டியாகும்வரை கிளறிக் காய்ச்சி, குளிர்ந்த தட்டில் ஒரு துளி விட்டு விரலால் நடுவே கோடு போடுங்கள். கோடு மூடாமல் நின்றால் இறக்கிவிடலாம்.

உலர்திராட்சை ஆசையை விட்டுவிடுங்கள். நாசிக்கிலும் சாங்லியிலும் அதற்கென்று விதையில்லாத தாம்சன் ரகத்தை வளர்க்கிறார்கள். அதிலேயே 4 கிலோ காய்ந்தால் 1 கிலோதான் தேறும். விதையுள்ள பன்னீர் திராட்சையை மொட்டைமாடியில் காயப்போட்டால், ஈரக்காற்றில் பூஞ்சணம்தான் மிஞ்சும். ஈஸ்ட் போட்டு ஜாடியில் மூடிவைக்கும் ஒயினுக்கும் இதே பதில்தான். தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமமின்றி மது தயாரிப்பது குற்றம். இறுக மூடிய கண்ணாடிப் பாத்திரம் வாயு அழுத்தத்தில் வெடிக்கவும் செய்யும்.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் திராட்சையை முழுதாகக் கொடுக்காதீர்கள். நீளவாக்கில் நான்காக நறுக்கி, விதை எடுத்துக் கொடுங்கள், தொண்டையில் அடைக்காது. வீட்டில் நாய் இருந்தால் பழமும் சக்கையும் அதன் வாய்க்கு எட்டக் கூடாது, உரக்குழியையும் மூடி வையுங்கள். திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. தின்றுவிட்டது தெரிந்தால் வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிராமல், கைவைத்தியமும் செய்யாமல், அப்போதே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.