குழாய் வழியே வீட்டுச் சாப்பாடு: என் மகளின் வயிறு கற்றுத் தந்தவை

மூளை முடக்குவாதம் உள்ள என் மகளுக்கு விழுங்கும்போதெல்லாம் உணவு நுரையீரலுக்குள் போனது. மூன்று வயதில் வயிற்றில் குழாய் வைத்தார்கள். சாப்பிட்டது மேலேறி வராமலிருக்க இரைப்பையிலும் ஓர் அறுவை சிகிச்சை செய்தார்கள். அடிக்கடி வந்த நெஞ்சுச் சளி நின்றது, ஓங்கரிப்பு தொடங்கியது. டப்பா பவுடரைக் கரைத்து ஏற்றி முடிப்பதற்குள் முகம் சிவந்து, உடம்பு விறைத்துப்போவாள். வாந்தி வராது, ஓங்கரிப்பு மட்டும் நிற்காது.

மருந்தை மாற்றிப் பார்த்தோம், வேகத்தைக் குறைத்துப் பார்த்தோம். கடைசியில் டாக்டரே, "வீட்டுச் சாப்பாட்டை அரைச்சுக் கொடுத்துப் பாக்கலாம்மா" என்றார். அமெரிக்காவின் சின்சினாட்டியில் இதே அறுவை சிகிச்சை ஆன 33 குழந்தைகளுக்கு அரைத்த உணவைக் குழாய் வழியே கொடுத்திருக்கிறார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஓங்கரிப்பு முக்கால் பங்குக்கு மேல் குறைந்ததாகப் பெற்றோர் சொன்னார்கள். 2011-இல் அந்த ஆய்வு வெளிவந்தது.

நாங்களும் தொடங்கினோம். என் மகளுக்கும் ஓங்கரிப்பு குறைந்தது. ஆனால் நான் ஒரு தவறு செய்தேன். குழாய் அடைத்துக்கொள்ளுமோ என்ற பயத்தில் தண்ணீரை ஊற்றி ஊற்றி அரைத்தேன். ஓங்கரிப்பு குறைந்ததே என்று நிம்மதியாக இருந்தேன். மாதக் கடைசியில் எடை பார்த்தபோது 600 கிராம் குறைந்திருந்தது. குழந்தைகளுக்கான பவுடர் உணவில் பொதுவாக 100 மில்லிக்கு 100 கலோரி இருக்கும். நான் ஏற்றிய கஞ்சியில் அதில் பாதிகூட இல்லை.

டயட்டீஷியன் சொன்ன வழி நம் சமையலறையிலேயே இருந்தது. குழைய வேகவைத்த சோறு, தோல் நீக்கிய பாசிப்பருப்பு, கேரட், எண்ணெய் எல்லாவற்றையும் கெட்டியாக அரைத்து, கொதி அடங்கிய சூட்டில் ஒரு ஸ்பூன் முளைகட்டிய கேழ்வரகு மாவைக் கலக்க வேண்டும். முளைத்த தானியத்தில் உள்ள அமிலேஸ் நொதி மாவுச்சத்தை உடைக்கும். தண்ணீர் சேர்க்காமலே கூழ் நெகிழும். பிறகு ஒரு கொதி விட்டு, ஆறவைத்து, வடிகட்டுவேன். கொதிக்கக் கொதிக்க மாவைப் போட்டால் நொதி செத்துவிடும், கூழ் நெகிழாது.

நான் கடைப்பிடிப்பவை இவை:

ஒரே நாளில் மாற்றாதீர்கள். முதலில் ஒரு வேளை மட்டும் வீட்டு உணவு, மற்ற வேளைகளுக்குப் பழைய பவுடரே. முழுதாக மாற எங்களுக்கு இரண்டு மாதம் ஆனது.

ஒரு புதுப் பொருள், மூன்று நாள். கொண்டைக்கடலை சேர்த்த மறுநாளே அவள் வயிறு உப்பியது. அந்த வாரம் வேறெதையும் சேர்க்காததால்தான் காரணம் உடனே தெரிந்தது.

அவசரப்படாதீர்கள். தலைப்பக்கத்தை உயர்த்தி வைத்து, சிரிஞ்சில் கொஞ்சம் கொஞ்சமாக 20 முதல் 30 நிமிடம் எடுத்துக்கொண்டு ஏற்றுகிறேன். முடிந்தபின் அரை மணி நேரமாவது படுக்கவிடுவதில்லை.

தண்ணீரைத் தனியாகக் கணக்கிடுங்கள். கெட்டி உணவோடு தண்ணீர் குறைந்ததால் அவளுக்கு மலச்சிக்கல் வந்தது. இப்போது வேளைகளுக்கு நடுவே அளந்து கொடுக்கிறேன். ஏற்றுவதற்கு முன்னும் பின்னும் குழாயையும் தண்ணீரால் அலசுகிறேன்.

சுத்தம் முக்கியம். அரைத்ததை ஃபிரிட்ஜில் ஒரு நாளுக்கு மேல் வைப்பதில்லை. வெளியே இரண்டு மணி நேரம் இருந்ததைக் கொட்டிவிடுகிறேன்.

நோட்டில் எழுதுங்கள். என்ன கொடுத்தேன், எத்தனை மில்லி, ஓங்கரிப்பு, மலம், வாராவாரம் எடை என எல்லாம் அதில் இருக்கும். டாக்டரிடம் நான் பேசுவதைவிட அந்த நோட்டு தெளிவாகப் பேசுகிறது.

டாக்டரும் டயட்டீஷியனும் சொல்லாமல் இதைத் தொடங்காதீர்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு இது கூடாது. குழாய் சிறுகுடலுக்குள் போகும் குழந்தைகளுக்கு இது பொதுவாக ஏற்றதல்ல. 14 ஃபிரெஞ்சு (குழாயின் தடிமன் அளவு) என்பதற்குக் குறைந்த மெல்லிய குழாய் எளிதில் அடைத்துக்கொள்ளும்.

ஓங்கரிப்பு நின்றால் மட்டும் போதாது, எடையும் ஏற வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் பிள்ளையின் வயிறு அந்த உணவை ஏற்றுக்கொண்டது என்று நம்புங்கள்.