டொரண்டோவில் தனியாகத் தொடங்குகிறவர்களுக்கு

வாழ்க்கைத் துணையின் ஸ்பான்சரில் கனடா வந்தவர்களை மணமுறிவின்போது முதலில் உலுக்குவது, "திருப்பி அனுப்பிவிடுவார்களோ" என்ற பயம்தான். நிரந்தர வதிவிட உரிமையை முறையாகப் பெற்றுவிட்டவரை விவாகரத்தை மட்டும் காரணம் காட்டி அனுப்ப முடியாது. புதிதாக மணந்து வந்தவர்கள் இரண்டு ஆண்டு சேர்ந்து வாழ வேண்டும் என்று முன்பு இருந்த நிபந்தனைகூட 2017 ஏப்ரலிலேயே நீக்கப்பட்டுவிட்டது. அதைச் சொல்லி இன்னும் மிரட்டுபவர்கள் இருக்கிறார்கள், நம்ப வேண்டாம்.

அடுத்தது பணம். சம்பளம் கூட்டுக் கணக்கில் விழுந்தால், உடனே தன் பெயரில் தனிக் கணக்கு திறப்பது நல்லது. பிரிந்து 90 நாள் கடந்ததும் கனடா வருவாய் முகமைக்குத் தெரிவிக்க வேண்டும். குழந்தைகளுக்கான மாத உதவித்தொகை அதன்பின் ஒருவர் வருமானத்தை மட்டும் வைத்துக் கணக்கிடப்படும். பலருக்குத் தொகை கூடும்.

ஸ்கார்பரோவில் பேஸ்மென்ட் வாடகைக்குப் பார்ப்பவர்கள் இதையும் கவனிக்கலாம். முதல் மாத வாடகை போக, முன்பணமாக இன்னும் ஒரு மாத வாடகைக்கு மேல் வாங்க ஒன்டாரியோ சட்டத்தில் இடமில்லை. அதையும் கடைசி மாதத்துக்குத்தான் கழிக்க வேண்டும். "சுவர் கெட்டால் பிடித்துக்கொள்வேன்" என்று தனியாக டெபாசிட் கேட்டால் தரத் தேவையில்லை.

சட்ட உதவி, தங்குமிடம், ஆலோசனை என எது எங்கே கிடைக்கும் என்று தெரியாதவர்கள் 211ஐ அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேட்டுப் பெறலாம்.