வறிய கிராமங்களில் கைத்தொழில் வேரூன்றும் வகை

வானம் பார்த்த பூமியில் பயிர் ஒன்றே ஜீவனமாக இருக்குமாயின், ஒரு வருஷம் மழை பொய்த்தாலும் குடியானவன் கடனாளியாகிறான். அறுப்பு முடிந்தது முதல் அடுத்த உழவு வரையில் அவன் வீட்டாருக்கு வேலையும் இல்லை, கூலியும் இல்லை. வறிய பிரதேசங்களுக்குக் கைத்தொழில்கள் வரவேண்டும் என்பதற்கு இதுவே காரணம். ஆயினும், வந்த தொழில் நிலைத்து நின்று ஊராருக்குப் பயன் தருவதற்கு வேண்டியவை எவை என்று அறிதல் அதனினும் முக்கியமாகும். ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்து, மலைமேல் ஸ்ரீநிவாஸப் பெருமாள் கோயில் கொண்டுள்ள திருவண்ணாமலையைப் போன்ற கிராமங்களில் வசிப்போர் இதைக் கற்க வெகுதூரம் செல்லவேண்டுவதில்லை. சுற்றுப்புறத்திலேயே மூன்று பாடங்கள் உள்ளன.

முதலாவது ராஜபாளையம். சுற்றிலுமுள்ள கரிசல் நிலங்களில் பருத்தி விளைந்தது. 1927-ம் வருஷத்தில் விருதுநகர்–தென்காசி ரயில் பாதை ஏற்பட்டது. அவ்வூரினரான ஸ்ரீ பி. ஏ. ஸி. ராமசாமி ராஜா அவர்கள் 1936-ல் ராஜபாளையம் மில்லை நிறுவினார்கள். மூலப்பொருள், போக்குவரத்து, உள்ளூர் முயற்சி ஆகிய மூன்றும் ஓரிடத்தில் கூடின. அருகிலுள்ள சத்திரப்பட்டியின் தறிகளில் இன்று காயங்களுக்குக் கட்டும் துணி நெய்யப்பட்டு வெளிநாடுகளுக்கும் செல்கிறது.

இரண்டாவது சிவகாசி. 1922-ல் ஸ்ரீ அய்ய நாடாரும் ஸ்ரீ சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, மறு வருஷம் ஊர் திரும்பி அதைத் தொடங்கினார்கள். குச்சிக்குரிய மரம் வெளியிலிருந்தே வரவேண்டும். எனினும், பயிருக்கு ஆகாத வறண்ட காற்றே தீக்குச்சி உலர்வதற்கு அநுகூலமாயிற்று. பெட்டி ஒட்டுதல் முதலிய வேலைகள் குடிசைகளுக்கும் பரவின. ஆனால் கூலி மலிவைக் கருதி நெடுங்காலம் சிறு குழந்தைகளும் இதில் அமர்த்தப்பட்டார்கள். குழந்தைகளை அபாயகரமான வேலையினின்று நீக்கிக் கல்வி அளிக்குமாறும், அவர்களை அமர்த்திய முதலாளி குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் செலுத்துமாறும் 1996-ல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது.

மூன்றாவது ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. இதற்குப் பெரிய யந்திரசாலை வேண்டுவதில்லை. பாலும் சர்க்கரையும் கைப்பழக்கமுமே போதும். 2019-ல் இது புவிசார் குறியீடு பெற்றது. கூட்டுறவுப் பால் சங்கமும் இதைச் செய்து விற்கிறது. சங்கத்தின் வழியாகத் தொழில் நடக்குமாயின், லாபத்தில் ஒரு பங்கு மாடு வளர்ப்போர் கைக்கே திரும்பும்.

சர்க்காரின் உதவியும் அவசியமே. பிரிட்டனில் 1934-ல் வேலையின்மை மிகுந்த பிரதேசங்களுக்கென்று தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 1936-ல் கேட்ஸ்ஹெட் நகருக்கு அருகில் தொழிற்பேட்டை தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1971-ல் சிப்காட் நிறுவப்பட்டது. அதே வருஷம் மத்திய சர்க்கார், தேர்ந்தெடுத்த பின்தங்கிய ஜில்லாக்களில் தொழில் தொடங்குவோருக்கு மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கு மானியம் அளிக்க முன்வந்தது. அக்காலத்தில் தர்மபுரி ஜில்லாவைச் சேர்ந்திருந்த ஹோசூர் இத்தகைய உதவிகளால் செழித்தது. ஆனால் அது பெங்களூருக்கு மிக அருகிலுள்ள ஊர். மானியம் ஒன்றை மட்டும் கருதித் தொலைவிலுள்ள கிராமத்துக்கு முதலாளிகள் எளிதில் வருவதில்லை. ரஸ்தா, மின்சாரம், தண்ணீர், தேர்ந்த தொழிலாளர் ஆகியவையும் வேண்டும்.

2018-ல் மத்திய சர்க்கார் விசேஷ கவனத்துக்குரியவையாகத் தெரிந்தெடுத்த ஜில்லாக்களில் விருதுநகரும் ஒன்று. 2023-ல் பெரிய ஜவுளிப் பூங்கா ஒன்றுக்கும் இந்த ஜில்லா தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆகவே, தொழிலை வரவேற்கும் கிராமத்தார் தம் சங்கக் கூட்டத்தில் பின்வருவனவற்றை விசாரித்தல் நலம்:

1. நம் ஊர் விளைபொருளில் எது இத்தொழிலுக்குப் பயன்படும்?
2. நம் வாலிபர்களுக்கும் பெண்களுக்கும் வேலை கற்பிப்பவர் யார்?
3. தண்ணீர் எங்கிருந்து வரும்? கழிவுநீர் எங்கே போகும்?
4. கூலி முறையாகக் கொடுக்கப்படுமா? குழந்தைகள் பள்ளியிலேயே இருப்பார்களா?
5. லாபத்தில் ஊராருக்குப் பங்கு உண்டா?

இவற்றுக்குத் தக்க விடை கிடைத்த பின்னரே நிலத்தையும் உழைப்பையும் கொடுக்க உடன்படுதல் வேண்டும்.